வீடு மாறும் மாதத்தில் கடைக்குப் போகாதீர்கள்

சென்னையில் ஒரு கிளை நூலகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

வார நாளில் வைத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் வரமுடியாது என்று சொல்லி இந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிய நூலகருக்கு முதல் நன்றி. அரங்கு நிறைந்திருப்பதற்கு அவர்தான் காரணம், நான் இல்லை.

குறைந்த வருமானத்தில் இருக்கும் குடும்பம் வீடு மாறும்போது வீட்டுச் சாதனங்களை எப்படிக் கட்டுப்படியான விலையில் பெறுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பு, மின்விசிறி, இந்த இரண்டைத் தவிர வீடு மாறும் மாதத்தில் எதையும் வாங்காதீர்கள். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மீதிப் பேச்சு.

வீடு மாறும் மாதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 7,000 ரூபாய் வாடகை என்றால் அட்வான்ஸ் ஐந்து மாதம், சில இடங்களில் பத்து மாதம். சட்டம் ஒன்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்கிறது. அந்த ‘வேறு விதமாக ஒப்பந்தம்’ என்ற வாசல் வழியாகத்தான் சென்னை முழுவதும் போய்வருகிறது. அதற்கு மேல் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. குட்டி யானைக்கு வாடகை, சாமான் ஏற்ற இறக்க ஆள் கூலி, அதுவும் மாடிக்கு ஏற்ப. பழைய வீட்டுக்காரரோ, பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, மீதியை அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தருவார். ஆக, பழைய பணம் கைக்கு வருமுன் புதிய பணம் கட்ட வேண்டும். காதில் இருப்பது அடகுக்குப் போகும்.

அப்படிக் கை காய்ந்து கிடக்கும் வாரத்தில்தான் புது வீட்டில் ஒவ்வொன்றாக இல்லை என்று தெரியவருகிறது. பழைய வீட்டில் மாட்டியிருந்த ஃபேன் வீட்டுக்காரருடையது. இங்கே கொக்கி மட்டும்தான் தொங்குகிறது. பழைய வீட்டில் மிக்ஸியை எதிர் வீட்டு அக்காவிடம் வாங்கி அரைத்தோம். இங்கே எதிர் வீட்டில் யார் என்றே தெரியாது. வண்டியில் வந்த ஃபிரிட்ஜ் ஓடவில்லை. உடனே யாரோ ஒருவர், “ஆதார் கார்டு, பேங்க் பாஸ்புக் இருந்தால் போதும், பத்து நிமிடத்தில் தருகிறார்கள்” என்பார். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு மாதம் கட்டுவோம். ஏழை வீட்டுக்கு ஒரு பொருளின் விலையைக் கூட்டுவது கடைக்காரரைவிட அவசரம்தான்.

இந்தப் பொருட்கள் நம் வீடுகளுக்கு வந்த வழியைக் கொஞ்சம் பார்க்கலாம். பெரும்பாலான வீடுகளில் ஃபிரிட்ஜும் பீரோவும் கட்டிலும் கல்யாணச் சீராக வந்தவை. பெண்ணைப் பெற்றவர் பட்ட கடன் மாப்பிள்ளை வீட்டில் குளிர்ந்துகொண்டிருக்கும். அதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போடலாம். இரண்டாவது வழி, தவணை. 1950களில் வி.ஜி.பன்னீர்தாஸ் கடிகாரத்தையும் வானொலிப் பெட்டியையும் தவணையில் விற்கத் தொடங்கினார். மாதச் சம்பளக்காரர் மொத்தப் பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம் என்ற எண்ணம் இங்கே பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த எச்.வசந்தகுமார் 1978இல் தனிக் கடை போட்டு அதே முறையைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோனார். அந்தத் தவணைக்கு ஒரு குணம் இருந்தது. கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் முகம் இருந்தது. ஒரு மாதம் தவறினால் கடைக்குப் போய் நின்று பேசலாம். இன்றைக்குத் தவறினால் கைபேசிதான் பேசும்.

மூன்றாவது வழி, அரசு. 2006இல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. 2011 செப்டம்பரில் மிக்ஸி, கிரைண்டர், மேசை விசிறி வந்தன. இவற்றைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. வழக்கும் நடந்தது. 2013இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. தேர்தல் ஆணையம் வழிகாட்டு நெறிகள் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. என் கருத்தைக் கேட்டால், டி.வி.யைவிட மிக்ஸியும் கிரைண்டரும் நல்ல தேர்வு. அவை ஒரு பெண்ணின் காலைப் பொழுதில் நேரத்தை மிச்சப்படுத்தின. வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகவும் முடிந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஒரே மாதிரியான பொருட்கள் போனதால் இன்னொன்றும் நடந்தது. தெருமுனை மெக்கானிக்குகள் எல்லாருக்கும் அவற்றின் உள்ளும் புறமும் அத்துப்படியானது, உதிரிப் பாகம் எங்கும் கிடைத்தது. ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட மிக்ஸிகள் பழைய சாமான் கடைகளில் விலைக்குக் கிடந்ததையும் பார்த்தோம். அந்தத் திட்டம் முடிந்த பிறகு குடும்பம் ஆனவர்களுக்கு அந்தச் சீர் இல்லை.

சரி, முதல் வாரத்துக்கு வருவோம். பால் காய்ச்ச அடுப்பு வேண்டும்.

எரிவாயு இணைப்பு ஏற்கனவே இருந்து அதே ஊருக்குள் மாறுகிறீர்கள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இணைப்பைப் புதிய ஏஜென்சிக்கு மாற்றிக்கொள்ளலாம். வேறு ஊர் என்றால் அவற்றை ஒப்படைத்து, வைப்புத் தொகையைத் திரும்ப வாங்கி, அதற்கான சான்றை வைத்து அங்கே புதிதாக எடுக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் சிலிண்டரை உறவினர் வீட்டில் போட்டுவிட்டு, புது ஊரில் இன்னொரு இணைப்புக்கு அலைகிறார்கள். 2022 ஜூன் முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு வைப்புத் தொகை 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய் என்று ஏறியது. அதற்கு முன் 1,450, 150 ஆக இருந்தவை. கையில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக எடுப்பது எவ்வளவு நட்டம் என்று பாருங்கள். இணைப்பே இல்லாத ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு உஜ்வலா திட்டம் உண்டு. அதன் இரண்டாம் கட்டம் 2021இல் வந்தபோது, இடம்பெயர்ந்து வாழ்பவர்கள் முகவரிக்குத் தாங்களே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். அதுவும் கைக்கு வரும்வரை 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. கிலோ கணக்கில் அது விலை கூடுதல்தான். ஓரிரு மாதத்துக்குச் சமாளிக்க நல்ல வழி, ஆண்டு முழுக்க ஓட்டுவதற்கு அல்ல. பழைய அடுப்பு வாங்குங்கள், தவறில்லை. பழைய ரப்பர் குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் வரும் சுரக்ஷா குழாய்க்கே ஆயுள் ஐந்து ஆண்டுதான்.

“கேஸ் எதற்கு, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினால் போதாதா?” என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். உங்கள் மீட்டரைப் பொறுத்தது. ஒரு 14.2 கிலோ சிலிண்டர் தரும் சமையல் சூட்டை இண்டக்‌ஷன் அடுப்பில் பெற ஏறத்தாழ 125 முதல் 130 யூனிட் மின்சாரம் ஆகும். உங்கள் பெயரில் தனி மீட்டர் இருந்து, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 குறைந்த விலை என்ற சலுகை உங்கள் கைக்கே வருகிறது என்றால் இண்டக்‌ஷன் லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் இந்த அரங்கில் எத்தனை பேர் சப்-மீட்டர் வீட்டில் இருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். பாதிக்கு மேல். யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்குகிறார். ஒன்பது என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு சிலிண்டர் வேலைக்கு 1,150 ரூபாய்க்குப் பக்கம் போகிறது. சிலிண்டர் ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசு 2016இல் கொடுத்த 100 யூனிட் இலவசம் குடித்தனக்காரருக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றுபோகும் இடம் இந்தச் சப்-மீட்டர்தான். சாதனம் வாங்குவது பற்றிப் பேச வந்தவன் மின்சாரக் கட்டணத்துக்குப் போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். வாங்கும் விலை ஒரு நாள் கொடுப்பது, மீட்டர் விலை தினமும் கொடுப்பது.

மின்விசிறியிலும் இதே கதைதான். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். அதற்கு 22 யூனிட் போதும். விலை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடுதல். சப்-மீட்டர் வீட்டில் யூனிட் ஒன்பது ரூபாய் என்றால் அந்தக் கூடுதல் பணம் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும். தனி மீட்டர் இருந்து, இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் சின்னக் குடும்பத்துக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. அவர்களுக்குப் பழைய ஃபேன் போதும். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று தூக்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்குக் கண்டென்சர் போயிருக்கும், அவ்வளவுதான். நூறு ரூபாய்க்குள் வேலை முடியும்.

மிக்ஸியும் அப்படியே. அரைக்கும்போது சத்தம் மட்டும் வந்து பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கும். பொறி பறந்து கருகல் வாடை வந்தால் முதலில் கார்பனைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் காயில். காயில் போனதற்குக் கேட்கும் பணம் புது மிக்ஸி விலையில் பாதியை நெருங்கினால் விட்டுவிடலாம். கிரைண்டரை நான் கடைசியில் வைக்கிறேன். மாவு இன்று தெருவுக்குத் தெரு விற்கிறது. கிரைண்டர் இல்லாமல் ஆறு மாதம் ஓட்டலாம். கோவைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. அவர்கள் ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, மதிக்கிறேன். ஆனால் வீடு மாறும் மாதத்தில் அது பாரம்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். “ஏழைக்கு எதற்கு ஃபிரிட்ஜ்?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு ஒருமுறை போய்வரலாம். அடையாற்றங்கரை, கூவக்கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு ஃபிரிட்ஜ் தேவைப்படவில்லை. முனையில் கடை, பத்து ரூபாய்க்கு மீன், ஐந்து ரூபாய்க்குத் தக்காளி, வேலை பார்க்கும் வீடு நடக்கும் தூரத்தில். காலையில் சமைத்ததை மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அவர்களைத்தான் 20, 25 கிலோமீட்டர் தள்ளிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக வைத்தோம். இப்போது அந்தப் பெண் விடியற்காலை பஸ்ஸுக்கு நின்றால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறாள். பிள்ளைகள் மதியம் என்ன சாப்பிடுவது? நேற்று வைத்த குழம்பு கெடாமல் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறைதான் காய் வாங்க முடியும். பேருந்தில் போகும் நான்கு மணி நேரத்துக்கு ஈடாக ஒரு ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் வந்தே ஆக வேண்டியிருக்கிறது. அதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே ஃபிரிட்ஜ் வேண்டும், ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். எங்கே வாங்குவது? செகண்ட் ஹேண்ட் கடைகளுக்குப் பொருள் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பதில் தானாக வரும். பெரிய கடையில் ஒருவர் புது ஃபிரிட்ஜ் வாங்குகிறார். பழையதற்கு எக்ஸ்சேஞ்ச் என்று இரண்டாயிரமோ மூவாயிரமோ கழிக்கிறார்கள். அந்தப் பழையது மொத்த வியாபாரியிடம் போய், அங்கிருந்து மெக்கானிக்கிடம் போய், துடைத்துப் பெயிண்ட் அடித்து, உங்களுக்கு ஆறாயிரம், ஏழாயிரத்துக்கு வருகிறது. நடுவில் இருக்கும் நாலாயிரம் ரூபாயும் உங்கள் பணம். வீட்டு வேலை செய்யும் பெண்கள் இங்கே நிறைய வந்திருக்கிறீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் அடுக்குமாடியில் யார் வெளிநாடு போகிறார்கள், யார் புதுசு வாங்கப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. “கடையில் எவ்வளவு கழிக்கிறார்களோ அதை நான் தருகிறேன் அம்மா, எனக்குக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அவருக்கு நட்டமில்லை. அந்த ஃபிரிட்ஜைப் பற்றி அதன் சொந்தக்காரரைவிட, அதைத் துடைத்த உங்களுக்கு அதிகம் தெரியும். ஒன்று மட்டும் கவனம். தீபாவளி போனஸுக்குப் பதிலாகப் பழைய சாமானை எடுத்துக்கொள் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். போனஸ் தனி, வியாபாரம் தனி.

கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் அவசரப்படாமல் அங்கேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஃப்ரீசர் முழுக்க ஒரே சீராகப் பனி பிடிக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பிடித்தால் கேஸ் குறைவு. ஃப்ரீசர் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவுங்கள். எம்-சீல் ஒட்டிய தடம் இருந்தால், யாரோ ஐஸைக் கத்தியால் குத்தி ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஒட்டு நிற்காது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கெட் போய்விட்டது, கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், மீட்டரும் ஓடும். பின்பக்கம் அடியில் துருவும் சேற்றுக் கோடும் இருந்தால் அது வெள்ளம் பார்த்த ஃபிரிட்ஜ். 2015 டிசம்பருக்குப் பிறகும், 2023இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் அப்படிப்பட்டவை நிறையக் கைமாறின. நட்சத்திர முத்திரையைப் பார்ப்பவர்கள் அதில் போட்டிருக்கும் ஆண்டையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடினமாக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து அல்ல. நட்சத்திரத்தைவிட அதன் கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும் எண்தான் நமக்கு வேலைக்கு ஆகும்.

இருக்கிற ஃபிரிட்ஜைக் கெடுக்காமல் கொண்டுபோவது புதிது வாங்குவதைவிட மலிவு. முந்தின நாளே அணைத்து, பனியை உருகவிட்டு, நிற்க வைத்தே ஏற்றுங்கள். வண்டியில் இடமில்லை என்று படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்துவிட்டால், இறக்கி நிமிர்த்திச் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு, ராத்திரி போடுங்கள். வந்து இறங்கியதும் போட்டுப் பார்த்து ‘ஓடவில்லை’ என்று அழுத ஃபிரிட்ஜ்கள் பல இப்படித்தான் போயின.

வாஷிங் மெஷினுக்கு ஒரே ஒரு கேள்வி. புது வீட்டில் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வருமா? குடத்திலும் லாரியிலும் தண்ணீர் பிடிக்கும் வீட்டில் முழுத் தானியங்கி மெஷின் வெறும் மேசைதான். மேலே துணி மடித்து வைக்கலாம். வாளியால் தண்ணீர் ஊற்றக்கூடிய செமி ஆட்டோமேட்டிக் போதும். அதுவும் ஆறு மாதம் கழித்து.

இனி பணம். வட்டியில்லாத் தவணை என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைக் கட்டணத்துக்குள் ஒளித்து வைக்கிறார்கள் என்று சொல்லி வங்கிகள் அப்படிக் கடன் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. வேறு பெயரில் அது திரும்பி வந்துவிட்டது. எப்படி என்று ஒரு கணக்குப் போடுவோம். ஃபிரிட்ஜ் 18,000 ரூபாய், மாதம் 1,500 வீதம் 12 மாதம், வட்டி இல்லை. அதே கடையில் கையில் ரொக்கத்தோடு போய்ப் பேரம் பேசினால் 16,500க்குத் தருவார். தவணைக்கு முன்கட்டணம் 500. ஆக, உங்களுக்கு உண்மையில் கிடைத்த கடன் 16,000. திருப்பிக் கட்டுவது 18,000. கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 22 சதவீத வட்டி. ஒரு தவணை தவறினால் அபராதம் தனி. 2024 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட கடனுக்கு எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டு வட்டி இவ்வளவு என்று காட்டும் விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள். கைபேசியில் அனுப்புகிறோம் என்றால், வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லுங்கள்.

இதைவிட மோசமானது தண்டல். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். ஆண்டுக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. 2003இலேயே கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. தண்டல்காரர் அதே சைக்கிளில் அல்ல, மோட்டார் சைக்கிளில் வருகிறார்.

நல்ல கடன் என்று ஒன்று உண்டு, மகளிர் குழுக் கடன். ஆனால் அது நினைத்த வாரத்தில் கிடைக்காது. சீட்டு உண்டு, ஆனால் பதிவு செய்த சீட்டா என்று பார்க்க வேண்டும். பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று தெருவில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் நம்பகமானவர்கள்தாம். நாணயம் தவறும் ஒருவரிடம் பணத்தைப் போட்டவருக்கு அந்தப் ‘பெரும்பாலும்’ ஆறுதல் தராது. 2023 செப்டம்பர் முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை ஆறு மாதம் தொடாமல் வைக்க முடிந்தால், பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கடனில்லாமல் வந்துவிடும். முடியுமா என்று உங்களைக் கேட்க எனக்கு உரிமையில்லை. வைக்க முடிந்தவர்களுக்குச் சொல்கிறேன்.

நம் நாட்காட்டியிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டோம். கடைக்காரர்கள் தள்ளுபடி போடுவதும் அந்த ஆடியில்தான். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, வியாபாரம் படுத்துவிடும் என்பதால் வந்த தள்ளுபடி அது. ஆவணியில் வீடு மாறப் போகிறவர், விலையை ஆனியிலேயே இரண்டு கடையில் எழுதி வைத்துக்கொண்டு, ஆடியில் போய் அது உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஆனியில் எழுதி வைக்காதவருக்கு ஆடித் தள்ளுபடி என்பது துணிப் பதாகை மட்டுமே. வாங்கினால் பில் வேண்டும். செகண்ட் ஹேண்ட் கடையிலும் ஒரு வெள்ளைத் தாளில் மாடல், தேதி, எத்தனை மாதம் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். பிரச்சினை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் நாள் பார்த்து வீடு மாறும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. புல்டோசருக்கு ஆடியும் தெரியாது, அரையாண்டுத் தேர்வும் தெரியாது. ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இடம்பெயர 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாயும் என்று அரசு வைத்தது. 1970இல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்து, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு வீட்டைக் கட்டித் தருகிறது. சுவர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. எட்டாவது மாடியில் அடுப்பு எரிய, காற்று வர, குழம்பு கெடாமல் இருக்க என்ன வழி என்பது குடும்பத்தின் பாடு. அந்தப் பாடுதான் தண்டல்காரருக்கு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒதுக்கீட்டு ஆணை கொடுக்கும் அன்றே, அந்த வளாகத்திலேயே, எரிவாயு ஏஜென்சிக்காரரையும் மின்வாரியத்தாரையும் உட்கார வைத்து இணைப்பு மாற்றத்தை முடித்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு சிக்கன ஃபேன் மாட்டியே கொடுக்கலாம். கட்டுமானச் செலவில் அது கண்ணுக்குத் தெரியாத தொகை. 5,000 ரூபாயைச் சாமான் ஏற்றும் நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து அல்ல. கீழ்த்தளத்தில் ஓர் அறையைப் பழுது பார்க்கும் கூடமாக ஒதுக்கினால், அங்கேயே வேலையில்லாமல் இருக்கும் ஐ.டி.ஐ. படித்த பையன்களுக்கு வேலை, மற்றவர்களுக்குக் கெட்டுப்போன மிக்ஸியோடு பஸ் ஏறும் அலைச்சல் மிச்சம். பழைய மின்சாதனங்கள் மறுசுழற்சிக்குப் போவதை உறுதிசெய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் சொல்கின்றன. அப்படிப் போவதை எல்லாம் உடைத்து உலோகம் எடுக்காமல், ஓடக்கூடியதைச் சரிசெய்து இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்குக் குறைந்த விலையில், ஆறு மாதப் பொறுப்போடு கொடுக்க என்ன தடை? வாரியம் கேட்க வேண்டும். வாரியத்தை நாம் கேட்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது, நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இனி கேள்விகளுக்கு வரலாம். தவணைக் கடன் தாள் கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் முன்வரிசைக்கு வாருங்கள். கட்டணம், வட்டி, அபராதம் மூன்றையும் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்ப்போம். கால்குலேட்டர் இருக்கிறது.